இடைக் கட்டங்கள்

ஜன்னலில் ஆணியடித்து மாட்டியிருந்த கறுப்புத் துணியைக் காந்தா இழுத்து அவிழ்த்தாள். காலை வெயில் உள்ளே விழுந்ததும் புரொஜெக்டர் கூரையில் காட்டிக்கொண்டிருந்த முகம் வெளுத்துப்போனது.

"துணிய மாட்டும்மா," என்றார் குமரகுரு.

"சாவு வூட்ல யாராவது இருட்டா வெப்பாங்களா? இன்னா மாமா நீங்க!"

கட்டிலில் குமரகுருவின் மனைவி கலாவதி எப்போதும்போல மல்லாந்தே கிடந்தாள். விடியும் நேரத்தில் உயிர் போயிருந்தது. தங்கைக்காரி காந்தாதான் அக்காவின் கண்களை மூடிவிட்டு, தாடையைத் துணியால் கட்டியிருந்தாள்.

குமரகுரு அண்ணாந்து பார்த்தார். புரொஜெக்டருக்குக் கறுப்பை வீசத் தெரியாது. அது வெளிச்சத்தை மட்டும்தான் வீசும். படத்தில் கறுப்பாகத் தெரிகிற இடமெல்லாம் வெளிச்சம் விழாமல் விடப்பட்ட வெறும் சுண்ணாம்புதான். அறை இருட்டாக இருந்தால் அந்த இடங்கள் புருவமாகும், மீசையாகும். ஜன்னலைத் திறந்தால் முதலில் போவது கண்கள். இப்போது கூரையில் கண்கள் இல்லை. மிச்ச முகம் மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. செவிலிமேட்டிலிருந்து அவருடைய அண்ணன் மயில்வாகனம் வந்திறங்கினார். கலாவதியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தம்பியின் தோளைப் பிடித்தார்.

"ஐஸ் பெட்டிக்குச் சொல்லிட்டேன்டா குரு. கந்தன் வர்ற வரைக்கும் வெச்சிருக்கணுமில்ல."

"அவன் எங்கண்ணே வரப்போறான்?"

"இன்னாடா இப்படிக் கேக்குற? திருவிழா படத்துல ஆப்டுட்டான்னு நேத்து காந்தா போன்ல சொன்னாளே. நீயே பாத்து ஆமான்னியாமே! ஊர்லதான் எங்கியோ சுத்திக்கினு இருக்கறான். நாலு பக்கமும் ஆள அனுப்பியிருக்கேன். பெத்த புள்ள உசுரோட இருக்கச்சொல்ல வேற யாருடா கொள்ளி வெக்கிறது?"

குமரகுரு ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அது எப்போதும் அவர் கையில்தான் இருக்கும்.

கந்தன் பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் போனவன். தேடித் தேடி ஓய்ந்து, அவன் பெயரைச் சொல்வதையே வீட்டில் விட்டுவிட்டிருந்தார்கள். இந்தப் பங்குனி உத்திரத்துக்குச் சாமி புறப்பாட்டைத் தெருவின் கேபிள்காரன் கலியன் படம் பிடித்து ஓட்டினான். அதைப் போகிற போக்கில் ஒரு கணம் பார்த்துவிட்டு வந்த காந்தா, "கூட்டத்துல ஒருத்தன் நம்ம கந்தன் ஜாடையிலயே இருக்கறான்கா," என்றாள்.

கலாவதி அதற்குள் நோயில் முதுகெலும்பு நொறுங்கிப் படுக்கையில் விழுந்திருந்தாள். டிவி பக்கம் தலையைத் திருப்பவும் முடியாது. அவள் கண்ணுக்கு எட்டிய ஒரே இடம் கூரை. கூரையில் படம் காட்ட வேண்டுமென்றால் புரொஜெக்டர் வேண்டும். முகம் தெரிகிற அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும், விலையும் கைக்கு எட்ட வேண்டும். கலியன் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட்டுக் காட்டினான். நிமிர்த்தி வைத்தால் பல்பு சூடேறிவிடும் என்பதால் மெஷினை ஸ்டூலில் படுக்க வைத்து, எதிரில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தை மேலே திருப்பினார்கள்.

படம் சின்னச் சின்ன வெளிச்சக் கட்டங்களால் ஆனது என்பதால் ஒவ்வொரு மெஷினைப் பற்றியும் குமரகுருவுக்கு ஒரே கேள்விதான். "இதுல சொந்தமா எத்தினி கட்டம்பா?"

"பெரிய பெரிய படமெல்லாம் எடுக்கும்னு பெட்டி மேலயே போட்டுக்குதேண்ணே."

"எடுக்கும். எடுத்து உள்ளாற சுருக்கிக்கும். நூறு கட்டத்து மயில அம்பது கொக்கியில ஏத்துனா தோகை இன்னாத்துக்கு ஆவும்?"

"இன்னாண்ணே, நீ புரொஜெக்டர் வாங்கறியா, தறி வாங்கறியா?"

கலாவதி சிரித்தாள். சிரித்தால் முதுகு வலிக்கும் என்று உடனே நிறுத்திக்கொண்டாள்.

புடவை பார்டருக்குக் கட்டத்தாளில் டிசைன் போடுவது அவர் தொழில். அவர் பென்சிலால் கோடு இழுத்துக் கொடுத்தால், எந்தெந்தக் கட்டம் என்று பார்த்துச் சிவப்பு நிரப்புவது கலாவதி. சிவப்பு விழுந்த கட்டத்தில் தறியின் கொக்கி தூக்கி இழை மேலே வரும், வெள்ளைக் கட்டத்தில் வராது. அவ்வளவுதான் மயிலும் யானையும். சின்ன டிசைனை அகலமான பார்டருக்குப் பெரிதாக்கும்போதுதான் சிக்கல். ஒரு கட்டம் நாலு கட்டமாகும், மயிலின் கழுத்து படிக்கட்டுபோல உடையும். அப்போது நடுவில் உள்ள கட்டங்களை ஊகத்தில் நிரப்ப வேண்டும். அந்த வளைவு மூலத்தில் கிடையாது. நிரப்புகிறவர் கையிலிருந்து வருவது. தெருவில் இடைக் கட்டத்துக்குக் கலாவதியைப்போல ஒரு கை கிடையாது.

நல்ல மெஷினும் இதையேதான் செய்யும். கலியனின் படத்தில் அந்த முகம் சில கட்டங்கள்தான். எத்தனை உசத்தியான மெஷினில் போட்டாலும் அதில் இல்லாத கட்டம் வராது. இது குமரகுருவுக்கு முதல் நாளே தெரியும். ஆனாலும் ஒன்று மங்கல், ஒன்று இரைச்சல், ஒன்றுக்குப் பல்பு மாற்றினால் மெஷின் விலையே வந்துவிடும் என்று ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

காரணம், படத்தை அவர் முன்பே கலியன் கடையில் தனியாகப் பார்த்திருந்தார். முகம் தெரிகிற அந்த நொடிக்கு அடுத்த நொடியில், பக்கத்தில் நிற்கும் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொள்ள அந்த ஆள் முழுதாகத் திரும்புகிறான். யாரோ ஒருவன். கந்தனின் ஜாடைகூட இல்லை. வீட்டில் குமரகுரு அதற்கு முன்பே நிறுத்திவிடுவார். அப்புறம் என்ன என்று கலாவதி ஒரு நாளும் கேட்டதில்லை.

நேற்று வந்தது ஏதோ ஆபீஸில் ஓடிய பழைய மெஷின். இருந்ததில் அதுதான் துல்லியம். கலாவதி வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுதுங்க."

"இன்னா தெரியுது?"

"புருவத்துல அந்தத் தழும்பு. சின்னதுல தறிக்குழியில வுழுந்தானே."

படத்தில் புருவத்துக்கே ஒரு கட்டம்தான். தழும்புக்கு அதில் இடம் கிடையாது.

"அவன்தானேங்க?"

"ஆமா கலா. அவன்தான்."

"அப்ப இந்த மெஷினே இருக்கட்டும்," என்றாள். அணைக்க விடவில்லை.

"எங்க, நானும் பாக்கறேன்," என்று மயில்வாகனம் இப்போது கட்டிலருகே வந்தார். காந்தாவே துணியை மறுபடி மாட்டினாள். அறை இருண்டது. கூரையில் முதலில் மீசை வந்தது, பிறகு புருவம். கடைசியில் கண்கள் வந்து அவர்களைப் பார்த்தன.

"டேய், காது பாருடா. நம்ம அப்பா காது அப்படியே இருக்குது!"

"கன்னம் வத்திப்போச்சு மாமா," காந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சோத்துக்கு இன்னா பண்றானோ."

மாலையுடன் வந்த கலியன் கதவோரமாக நின்றுவிட்டான். அவன் கூரையைப் பார்க்கவில்லை. குமரகுருவைப் பார்த்தான்.

"ஓட்டுடா குரு. எந்தப் பக்கம் போறான்னு பாக்கலாம்."

பொத்தான் மேல் கட்டைவிரல் இருந்தது. குமரகுரு மேலே பார்த்தார். இடது புருவத்துக்குக் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது. கண்ணை மூடித் திறந்தார். கோடு அங்கேயே இருந்தது.

"அதோட படம் நின்னுபோச்சுண்ணே."

மயில்வாகனம் கலியன் பக்கம் திரும்பினார்.

"ஆமாண்ணே," என்றான் கலியன். மாலையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "அந்த எடத்துல டேப்பு தீந்துடுச்சி."

குமரகுரு மெஷினை அணைத்தார். "ஐஸ் பெட்டி வேணாம்ணே. தூக்கிடலாம். கொள்ளி நானே வெக்கிறேன்."

"நாளைக்கு அவன் வந்து கேட்டான்னா?"

"எங்கிட்ட கேக்கட்டும்."

"பெத்தவ சாவுக்குக்கூட வராத பய," என்று திட்டிக்கொண்டே மயில்வாகனம் வெளியே போனார். வாசலில் ஆட்களைத் திரும்பக் கூப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார். குமரகுரு அந்த வசவைக் கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றார்.

குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தினார்கள். "பெத்த புள்ள, ஒறவுன்னு வாய்க்கரிசி போடாதவங்க வாங்கம்மா," என்று யாரோ குரல் கொடுத்தார்கள். காந்தா தட்டைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நின்றாள். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். கடைசியாகக் குமரகுரு ஒரு பிடி எடுத்துப் போட்டார். விலகி வழி விடாமல் அங்கேயே நின்றார். அவர் கை மறுபடியும் அரிசிக்குள் போனது.

"நீங்க போட்டுட்டீங்க மாமா," என்றாள் காந்தா மெதுவாக.

அவர் கையை எடுக்கவில்லை. காந்தா ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தட்டைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தாள்.