மே நான்காம் தேதிக்காரி

...‘நான்’ என்பது வரைக்கும் வந்துவிட்டது, அடுத்த சொல் நாக்கு நுனியில் நிற்கிறது, அதற்குள் நாத்தனார் ரூலி உதட்டில் விரலை வைத்து, “ஷ்ஷ்... டீனெக்கே, எட்டு மணி ஆச்சு, அப்புறம் சொல்லு” என்று அடக்கிவிட்டாள், தொலைக்காட்சியில் எக்காளமும் ஊதி ஓய்ந்துவிட்டது, வட்டமாகப் போட்ட நாற்காலிகளிலிருந்து எல்லோரும் எழுந்து, கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்து நிற்கிறார்கள். இனி இரண்டு நிமிடம் இந்த நாட்டில் ரயில்கூட நகராது. போரில் செத்தவர்களுக்கான மௌனம். செத்தவர்களுக்கு மரியாதை வேண்டாம் என்று யார் சொன்னது, ஆனால் அறுபது வருடமாக அவள் பிறந்தநாளில்தானா, அதுவும் சரியாக அவள் வாயைத் திறக்கும்போதுதானா... ரூலிக்கு இன்னும் அரை நிமிடம் பொறுத்தால் என்ன குடி முழுகிவிடும்? அரை நிமிடம் போதுமே. ‘நான் வரமாட்டேன்.’ இவ்வளவுதான் வாக்கியம். மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லி முடித்திருக்கலாம்.

வரமாட்டேன், அந்த வண்டியில் ஏறமாட்டேன், வீட்டை விற்கவும் கையெழுத்துப் போடமாட்டேன். எதிரே நிற்கிறான் ஹார்ம், கண்ணை மூடிக்கொண்டு, பரம சாது மாதிரி. வந்தவர்களெல்லாம் அவள் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்துவிட்டு, இந்த ஊர் வழக்கப்படி அவன் கையையும் பிடித்து, “உன் பெண்டாட்டி பிறந்தநாளுக்கு வாழ்த்துகள், ஹார்ம்” என்று குலுக்கினார்கள், அவனும் அவளைத் தானே பெற்றெடுத்தது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாங்கிக்கொண்டான். முதல் காப்பி முடியும் முன்பே ஆரம்பித்துவிட்டான், “வீட்டைக் குடுத்துட்டு வண்டியில ஏறிட வேண்டியதுதான், படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளயே இருக்கு, போர்ச்சுகல் வரைக்கும் போவோம், டீனெக்கே இப்பவே மூட்டை கட்டிட்டா!” எல்லோரும் சிரித்தார்கள். எந்த மூட்டை? யார் கட்டியது? ஒருமுறையாவது கேட்டானா? கேட்டான் என்பான், கேட்டுவிட்டு பதில் வருவதற்குள் வரைபடத்தை விரித்துவிடுவான். சாப்பிடும்போது ‘ம்ம்ம்’ என்று மூக்கால் பாடுகிறவன், காலையில் எழுந்ததும் அன்றைய வானிலையை உரக்க அறிவிக்கிறவன்... அவனோடு ஒரு வண்டிக்குள், மூடிக்கொள்ள ஒரு கதவுகூட இல்லாமல், கக்கூஸுக்குக்கூட ஒரு திரைதான். மெப்பல் ஊரிலுள்ள இந்த வீட்டில் மாடியறைக்குக் கதவு இருக்கிறது, அதைச் சாத்திக்கொண்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கலாம், அது அவளுக்கு வேண்டும், அது இல்லாமல் அவளால் இருக்க முடியாது. திங்கட்கிழமை வீட்டுத் தரகர் படம் எடுக்க வருகிறார். இன்றைக்கு, இத்தனை பேர் முன்னால் சொன்னால்தான் ஹார்ம் சிரித்து மழுப்ப முடியாது, அதற்காகத்தானே வாரக்கணக்காக மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள்.

எல்லாம் இந்தப் பாழாய்ப்போன தேதியால். சின்ன வயதில் அவள் நம்பியிருந்தாள், தன் பிறந்தநாளுக்காகத்தான் நாடே வாயை மூடிக்கொண்டு நிற்கிறது என்று, அம்மா கண்ணைத் துடைப்பதும் தன்மேல் உள்ள ஆசையால்தான் என்று. அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி வகுப்பே சிரித்தது. அம்மா அழுதது லுப்பெர்ட் மாமாவுக்காக, ஜெர்மன்காரர்கள் சுட்டுப்போட்ட அவளுடைய தம்பிக்காக. அழுது முடித்ததும் அம்மாவே விளையாட்டாகச் சொல்வாள், “இன்னும் கொஞ்சம் பொறுத்து வெளிய வந்திருக்கக் கூடாதாடி? நடுராத்திரி தாண்டியிருந்தா அஞ்சாம் தேதி, விடுதலை நாள், கொடி, பாண்டு வாத்தியம்... உனக்கு எதுலயும் அவசரம்.” விளையாட்டுதான், ஆனால் வருடா வருடம் சொன்னால் அது விளையாட்டா? நாளைக்கு ஊர் முழுக்கக் கொடி உச்சியில் பறக்கும், இன்றைக்கு வாசலில் அரைக் கம்பத்தில் தொங்குகிறது. சற்றுமுன் நாத்தனார் மகன் யெல்மர் கைப்பேசியைப் பார்த்துப் படித்தான், “அத்தை, உங்க தேதியில என்னெல்லாம் நடந்திருக்கு பாருங்க! இங்க இருந்த ஜெர்மன் படை சரணடைஞ்சு கையெழுத்துப் போட்டிருக்கு, அமெரிக்காவுல படிக்கிற பசங்களைச் சுட்டிருக்காங்க, இங்கிலாந்துல முதல்முதலா ஒரு பொம்பளை பிரதமர் ஆயிருக்கா!” உடனே ஹார்ம், “எங்க வீட்டுப் பிரதமரும் அன்னைக்குத்தான் பிறந்தா” என்றான், மறுபடி சிரிப்பு. பிரதமராம்! இங்குள்ள வழக்கம்போல் கழிப்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் பிறந்தநாள் காலண்டரில் அவள் பெயரை எழுதியதும் அவளேதான், அதுவும் அச்சடித்த ‘நினைவு நாள்’ என்ற எழுத்துக்கு அடியில், மிச்சமிருந்த இடத்தில், நுணுக்கி...

எத்தனை விநாடி போயிருக்கும்? வெளியே ஒரு நாய் குரைக்கிறது, அதற்கு மட்டும் யாரும் உதட்டில் விரல் வைக்கவில்லை. முடிந்ததும் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா, தேசிய கீதம் வரும், ரூலி மூக்கைச் சிந்துவாள், ஹார்ம் பாலாடைக்கட்டித் தட்டை நீட்டுவான், அவள் விட்ட ‘நான்’ கம்பளத்துக்கு அடியில் போய்விடும். ஒருவரும் கேட்கப்போவதில்லை. யாராவது ஒருவர் கேட்டால் போதும், ஒரே ஒருவர் வாய்விட்டுக் கேட்டால் பட்டென்று போட்டு உடைத்துவிடுவாள்... மாமா, உன்மேல் எனக்குக் கோபமில்லை, உன்னை நான் பார்த்ததுகூட இல்லை, உன்னைச் சுட்டவன்மேல்தான் கோபம், இல்லை, இந்த ஹார்ம்மேல்தான்...

கீதம் தொடங்கியது. நாற்காலிகள் முனகின, தட்டுகள் மடிக்குத் திரும்பின, ரூலி மூக்கைச் சிந்தினாள். ஹார்ம் கண்ணைத் திறந்தான். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான், பாலாடைக்கட்டித் தட்டை அவன் தொடவே இல்லை. “டீனெக்கே, நீ ஏதோ சொல்ல வந்தியே, என்ன?” “ஆமா அத்தை, ‘நான்’னு ஆரம்பிச்சீங்க” என்றான் யெல்மர். “இப்ப சொல்லு, உனக்காகத்தான் எல்லாரும் வாயை மூடிட்டு இருக்கோம்” என்றாள் ரூலி, நிஜமாகவே அன்போடு. குழந்தையாக இருந்தபோது நம்பியது போலவே எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள், ஹார்ம்கூட, தலையைச் சற்றுச் சாய்த்து, கொஞ்சம் பயந்தவன் போல. டீனெக்கே வாயைத் திறந்தாள். நாக்கு நுனியில் நின்றதைக் காணோம். தொலைக்காட்சியில், அஞ்சலி செலுத்தச் சதுக்கத்தில் கூடிய கூட்டம் கலைய ஆரம்பித்துவிட்டது... கொஞ்சம் நில்லுங்களேன், இன்னும் இரண்டே இரண்டு நிமிடம் யாராவது என்னை அடக்கக் கூடாதா என்று அவளுக்குள் ஒரு கெஞ்சல் எழுந்தது, அது தன் குரல்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.