ஏறுகூலி

வலது தோள்பட்டைக்குள் ஆப்பு வைத்து அடித்ததுபோல் இருந்தது இருசப்பனுக்கு. கையைத் தூக்கி முகம் கழுவ முடியவில்லை. இருபத்தைந்து வருஷம் கோடாலி வீசிய தோள். கன்னியம்மாள் விளக்கெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துவிட்டாள். அவள் உள்ளங்கையும் வடம் இழுத்துக் காய்த்துப் போனதுதான். தேய்க்கத் தேய்க்கத் தோல் எரிந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் தாங்கு. வெள்ளிக்கெழம ரம்பத்த மூட்டுட்டு அப்பறம் படுத்துக்க," என்றாள்.

ரம்பம் அடகில் இருந்தது. ஆறடி நீளம், இரண்டு பக்கமும் பிடி, இரண்டு ஆள் இழுப்பது. மாசி மாதம் கன்னியம்மாளின் அம்மா செத்தபோது காரியச் செலவுக்கு வைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் எழுபது ரூபாய் வராவிட்டால் விற்றுவிடுவதாகக் கடைக்காரர் சொல்லிவிட்டார். ரம்பம் இருக்கிறவன் மரத்துக்கு விலை பேசுவான். இல்லாதவன் அடுத்தவனிடம் கூலிக்கு நிற்பான். இருசப்பனுக்கு இரண்டும் தெரியும். பழையபடி கூலிக்கு நிற்பதைவிடச் சாகலாம் என்று நினைத்தான்.

மரம் செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில், சக்கரபாணி வீட்டுப் பின்கட்டில் நின்ற புளியமரம். எண்பத்தொன்றாம் வருஷம், ஆனி மாதம். ஆடி பிறப்பதற்குள் கடைக்கால் போட்டு, அடுத்த கார்த்திகை தீபத்துக்குள் லாட்ஜ் திறந்துவிட வேண்டும் என்று சக்கரபாணி பறந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இருசப்பன் விலை பேசப் போனபோது பின்கட்டு பூட்டிக் கிடந்தது. சாவியை எடுத்துக்கொண்டு அவருடைய அண்ணன் கீழ்பென்னாத்தூர் போயிருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றபடியே இருசப்பன் மரத்தை அண்ணாந்து பார்த்தான்.

"முன்னூறு ஆவும் மொதலாளி."

"நான் வெட்டச் சொன்னது புளியமரம்டா. மலைய இல்ல."

"வெட்டவெளில நின்னா நூறுக்கே வெட்டுவேங்க. இங்க கெழக்கால பக்கத்து வீட்டம்மா ஓடு. மேற்கால கரண்டுக் கம்பி. சாய்க்க எடம் இல்ல. மேல ஏறி ஒவ்வொரு கெளையா வடத்துல கட்டி எறக்கணும். சந்துல வண்டி நுழையாது, அம்மாம் வெறகையும் ரோடு வரைக்கும் தலைல தூக்கணும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வெல இருக்குதுங்களே."

"வெறகு உனக்குத்தானே? புளியங்கட்டைன்னா சூளைக்காரன் அடிச்சிகினு வாங்குவான். நியாயமா நீதான் எனக்குத் துட்டு தரணும்."

"சூளைக்காரன் ஒரு மாசம் இழுத்தடிப்பான் மொதலாளி."

"அது அவனுக்கும் உனக்கும். நூத்தியறுபது. ஆவாதுன்னா சொல்லு, நூத்திநாப்பதுக்கு ஒருத்தன் காத்துகினு கெடக்கறான்."

நூற்றியறுபதுக்கு ஒத்துக்கொண்டான். ஐம்பது ரூபாய் முன்பணம் அன்றைக்கே அடகுக்கடை வட்டிக்குப் போய்விட்டது.

மிச்சம் நூற்றிப்பத்து. டிம்பர் டிப்போவில் வாடகை ரம்பத்துக்கு நாளுக்கு எட்டு. ஏறுகூலி முப்பது. போக எழுபத்திரண்டு. ரம்பத்தை மீட்டால் கையில் இரண்டு ரூபாய் நிற்கும். இதற்குமேல் அந்தக் கணக்கில் இழுத்துவிட இடமில்லை.

ஏறுகிறவன் கருப்பன், கன்னியம்மாளின் தம்பி. இருபத்தாறு வயது. காலில் நார்வளையம்கூட மாட்டாமல் ஏறுவான்.

"இன்னா மாமா, தோளப் புடிச்சிகினு நிக்கற? எங்க அக்கா ராத்திரி உதைச்சிட்டாளா?"

"வாய மூடிகினு வடத்த அவுரு," என்றாள் கன்னியம்மாள்.

புதன்கிழமை காலையில்தான் இருசப்பன் மரத்தின் அடிக்கு வந்தான். ஏறுவதற்கு முன் மரத்தைத் தட்டிப் பார்ப்பது மேஸ்திரியின் வேலை. கோடாலியைத் திருப்பிப் பிடித்து அதன் மண்டையால் நாலு பக்கமும் தட்டுவான். ணங்கென்று கைக்குத் திரும்பி வந்தால் கெட்டி. உள்ளே போய் அமுங்கினால் பொந்து. பொந்து மரத்துக்கு ஏறுகூலி ரெட்டிப்பு. கிளை பிரிகிற கவட்டையில் வடம் கட்டக் கூடாது, சவுக்குக் கழி வாங்கிச் சாரம் கட்டி ஏற வேண்டும். மேஸ்திரி தட்டிச் சொன்ன பிறகு ஏறுகிறவன் தட்டிப் பார்க்க மாட்டான். பார்த்தால், உன் பேச்சு பொய் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி.

முதல் தட்டு கெட்டி. இரண்டாவதும் கெட்டி. மூன்றாவது, கவட்டைக்கு நேர் கீழே, தொம்மென்று உள்ளே போனது.

இருசப்பன் நாலாவது பக்கம் தட்டவில்லை. ஏறுகூலி அறுபது. சாரத்துக்கு ஒரு நாள், கழி வாடகை. வெள்ளிக்கிழமை. வடத்தைப் பிரித்துக்கொண்டிருந்த கன்னியம்மாள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவளும் பதினெட்டு வருஷமாக இந்தச் சத்தத்தைக் கேட்கிறவள். பார்த்துவிட்டுக் குனிந்து வடத்தின் சிக்கை எடுத்தாள்.

"கெட்டி," என்றான் இருசப்பன்.

கருப்பன் ஒரு கணம் நின்றான். பிறகு மரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினான்.

சின்னக் கிளைகள் சுலபமாக இறங்கின. பத்து மணிக்கு ஓட்டுக்கு மேலே நீண்டிருந்த பெரிய கிளைக்கு வந்தான். வடத்தைக் கவட்டையில் போட்டுக் கிளையில் முடிந்து, கவட்டையில் உட்கார்ந்து வெட்டினான். கீழே புருஷனும் பெண்டாட்டியும் வடத்தைப் பிடித்திருந்தார்கள். கிளை முறிந்து வடத்தில் தொங்கியதும் அதன் கனமெல்லாம் கவட்டையில் இறங்கியது. புதுத்துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். மரம் மேலிருந்து பாதியாகப் பிளந்தது. வடம் கன்னியம்மாளின் கையைச் சீவிக்கொண்டு ஓடியது. கிளை பக்கத்து வீட்டு ஓட்டின்மேல் விழுந்தது. கருப்பன் துணி துவைக்கிற கல்லின்மேல் விழுந்தான்.

அவன் கத்தவில்லை. கத்தியது பக்கத்து வீட்டு ராஜம்மாள்.

"என் ஊடு போச்சே! படிச்சிப் படிச்சி சொன்னேனே!"

சக்கரபாணி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். முதலில் கூரையைப் பார்த்தார்.

"எத்தன ஓடு போச்சிங்க?"

"முப்பதுக்குக் கம்மியில்ல. ஓட்டத் தாங்கற வரிச்சல் வேற முறிஞ்சிருக்குது," என்றாள் ராஜம்மாள்.

கருப்பனின் கண் திறந்திருந்தது. காலை அசைக்கச் சொன்னாள் கன்னியம்மாள். "அசைக்கறேனே," என்றான். கால் அசையவில்லை.

"மொதலாளி, அந்த ரூம்புக் கதவக் கழட்டிக் குடுங்க. படுக்கவெச்சித் தூக்கிகினு போயிடறோம்," என்றான் இருசப்பன்.

"அது தேக்குடா. ரத்தம் பட்டா போவாது."

வண்டி நுழையாத சந்து. விறகு கட்டக் கொண்டுவந்த கோணியில் போட்டு ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்தார்கள். சாக்கு தரையில் இடித்த ஒவ்வொரு தடவையும் கருப்பன் பல்லைக் கடித்தான். பெரியாஸ்பத்திரியில் டாக்டர் அவன் உள்ளங்காலில் ஊசியால் குத்தினார். மூன்று தடவை குத்தினார். பிறகு இருசப்பனை வெளியே கூப்பிட்டு, முதுகெலும்பு என்றார். இனி நடக்க மாட்டான் என்றார்.

சாயங்காலம் சக்கரபாணி ஆள் அனுப்பியிருந்தார். பாதி வெட்டிய மரத்துக்குப் பைசா கிடையாதாம்.

வியாழக்கிழமை இருசப்பன் போனான். தோள் எழும்பவில்லை. இடது கையால் இழுத்தான். வாடகை ரம்பத்தின் மறுபிடியைக் கன்னியம்மாள் பிடித்தாள். கையில் சுற்றியிருந்த துணி நனைந்து சிவந்ததும் பிரித்துப் பிழிந்துவிட்டு மறுபடி சுற்றிக்கொண்டாள். நிற்கிற பாதியை அடியில் அறுத்து இறக்கியபோது உள்ளிருந்து கறுப்புத் தூளும் எறும்பும் மூட்டை மூட்டையாகக் கொட்டின.

சக்கரபாணி எட்டிப் பார்த்தார். "பொந்து மரமா? அட, முன்னாலயே தெரிஞ்சிருந்தா இன்னும் கம்மியா முடிச்சிருப்பேனே. வெட்டறதுக்கு சுலபம்தானே?"

ஓட்டுக்கு இருபத்தைந்து பிடித்துக்கொண்டு எண்பத்தைந்து கொடுத்தார். இரண்டு நாள் ரம்ப வாடகை பதினாறு போக அறுபத்தொன்பது. கன்னியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாய் எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இருசப்பன் தன் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் வந்தான். வாசலில் வைத்துவிட்டு வர மனம் வரவில்லை. கருப்பன் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். ரம்பத்தின் மறுபிடியைப் பார்த்தான். அவன் கை பிடித்துப் பிடித்து வழவழத்துப் போன பிடி.

"மூட்டுட்டியா மாமா?"

"ம்."

"அம்மா காரியத்துக்கு வெச்சது. நல்லதுதான்." பிடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "என் கூலி?" என்றான்.

"சூளைக்காரன் தந்ததும் மொத வேலயா குடுத்துடறேன்டா. முப்பது ரூபா."

கருப்பன் விட்டத்தைப் பார்த்தான்.

"மூணாவது தட்டு எனக்கும் கேட்டுச்சி மாமா."

இருசப்பனின் தோளிலிருந்து ரம்பம் சரிந்தது. பிடித்துக்கொண்டான்.

"பின்ன ஏன்டா ஏறன?"

"நீ கெட்டின்னு சொன்னியே."

கால்மாட்டில் நின்றிருந்த கன்னியம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். கருப்பன் அவளைப் பார்க்கவில்லை.

"பொந்துக்கு ரெட்டிப்பு," என்றான். "சொல்லு மாமா. எவ்ளோ?"

"அறுவது."

அந்த மாதக் கடைசியில் சூளைக்காரன் கட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் ஓட்டை என்று திருப்பி அனுப்பினான். கருப்பனுக்கு இருசப்பன் தர வேண்டியது அறுபது ரூபாய்.