எண்ணூர் முதலையின் எடை

மாலை ஐந்தே கால். திருவொற்றியூரில் ஒரு பள்ளி மைதானத்தில் ரிங்குக்குக் கயிறு கட்டி முடித்திருந்தார்கள். கூட்டம் இன்னும் வரவில்லை.

செங்கொடி பலகையை மிதித்துப் பார்த்தாள்.

“ஆடுதுய்யா.”

“ஆடணும். இல்லாட்டி வுழறவன் முதுகு இன்னா ஆவறது?” என்றான் வல்லரசு.

அவன் எட்டு வருஷமாக ‘எண்ணூர் முதலை’. பச்சை முகமூடி. மல்யுத்தக் காட்சிகளில் கடைசியில் தோற்கிற வில்லன். அவன் மனைவி செங்கொடி பளுதூக்குவதில் தேசிய சாம்பியன். அடுத்த வாரம் பாட்டியாலாவில் ஆசியப் போட்டிக்கான தேர்வு.

முதலை ஜனங்களுக்குச் சலித்துவிட்டது என்று காட்சி நடத்தும் ஷாரிக் சொல்லியிருந்தான். கூட்டத்திலிருந்து மனைவியே எழுந்து வந்து முதலையைத் தூக்கிப் போட்டால்? செங்கொடி ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். கோச் ஜெபசிங்குக்குத் தெரியக்கூடாது.

ஒத்திகையில் அவனைத் தோளுக்கு ஏற்றினாள். உடனே இறக்கிவிட்டாள்.

“இன்னாத்துக்குக் குதிச்ச?”

“தூக்குறவங்களுக்குப் பாதி வேலைய நாமதான் செய்யணும். தொழிலு அப்டி.”

“எனக்கு எவனும் செய்ய வேணாம். நீயெல்லாம் எனக்கு வார்ம்-அப் வெயிட்டு.”

“நீ தூக்குற கம்பிக்குக் கை காலு கீதா மே?”

“அதான் கம்பி பேசாம வருது. நீயும் சும்மா தொங்கு.”

தொங்கினான். நேராக ஏறினான். இன்னொரு முறையும். ஷாரிக் விசிலடித்தான்.

விளக்கு போட்டதும் மைதானம் நிரம்பியது. முதலை முன்வரிசையைத் திட்டினான். முன்வரிசை திருப்பித் திட்டியது. “வூட்ல பொண்டாட்டி சோறு போடலியாடா,” என்று ஒருத்தி கத்தினாள். செங்கொடி எழுந்து ரிங்கில் ஏறினாள்.

அவள் கை அவன் தொடைக்கடியில் போனது. மூச்சை இழுத்து அடக்கினாள். அந்தச் சத்தம் கேட்டதும் அவன் கால்கள் தாமாகக் குதித்தன.

முழு எடைக்கு இழுத்தவள் கையில் பாதி எடைதான் வந்தது. அவன் அவள் தோளைத் தாண்டிப் பின்னால் போனான். பாரம் பின்னால் போனால் கையை விட்டுவிட வேண்டும். பளுதூக்குபவர்கள் முதல் நாள் கற்பது அது. அவள் விடவில்லை. பிடித்து முன்னே இழுத்துப் போட்டாள். அவள் தோளுக்குள் ஏதோ நகரும் சத்தம் அவன் காதருகே கேட்டது.

முதுகில் விழுந்தான். மைதானம் எழுந்து நின்றது. நடுவர் அவள் வலக்கையை உயர்த்தப் போனார். அவள் இடக்கையை நீட்டினாள். தோற்றவன் அசையக்கூடாது. அவள் இறங்கிப் போகும்வரை அவன் அப்படியே கிடந்தான்.

உடைமாற்ற விட்டிருந்த வகுப்பறையில் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தோளில் துணியில் சுற்றிய ஐஸ். வலக்கை மடியில் கிடந்தது. ஷாரிக் எட்டிப் பார்த்து, அடுத்த ஊரிலும் இதே ஐட்டம் என்றான். கையைப் பார்த்ததும் போய்விட்டான்.

“தூக்கிக் காட்டு,” என்றான் வல்லரசு.

“முடில.”

“வுட்டுட்டிருக்கலாம்ல. வுழறதுதான் எனக்கு வேலையே.”

“கழுத்துல வுழுந்திருப்ப.”

“நான் திரும்பிக்குவேன் மே.”

“எனக்கு இன்னா தெரியும்.”

அவன் முகமூடியைக் கழற்றினான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

பெஞ்சில் அவள் போன் அதிர்ந்தது. ஜெபசிங். அதற்குள் யாரோ வீடியோ அனுப்பியிருக்க வேண்டும். நின்றது. மறுபடி அதிர்ந்தது. அவள் இடக்கையால் அதை அவன் பக்கம் தள்ளினாள்.

“நீ பேசு. பாட்டியாலாவுக்கு யார அனுப்பச் சொல்லப் போற?”