மாமே டுஃபுவா குறுக்கே வந்த ரீப்ளே

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது. கானா நாட்டுக் குமாசியில் எங்கள் குழு சனிக்கிழமை இழவு வீடுகளை நேரலை செய்யும். ஞாயிற்றுக்கிழமை பேட்டை லீக் கால்பந்து. இரண்டுக்கும் ஒரே கணினி. சனிக்கிழமைப் படங்களைக் கணினியிலிருந்து நீக்க மறந்துவிட்டோம். கேமரா பிடிக்கும் நானும்தான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

2

வானம் மேகமூட்டமாக இருந்த அந்த

(இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.)

போக்குவாவின் விரலுக்கு அன்று என்ன

(இதுவும் வேண்டாம். நேராகவே சொல்கிறேன்.)

பன்னிரண்டாம் நிமிடம் கோல் விழுந்தது. எங்கள் குழுத் தலைவி போக்குவா ரீப்ளே பட்டனைத் தட்டினாள். ரீப்ளே தொடங்குமுன் லீக் கொடி ஒன்று திரையின் குறுக்கே ஓட வேண்டும். அவளே செய்த டிரான்சிஷன். ஓடியதோ முந்தின நாள் அடக்கம் செய்யப்பட்ட மாமே டுஃபுவாவின் படம். கறுப்புத் துணி, வாய் நிறையச் சிரிப்பு, கீழே இரங்கல் வரி. மைதானத்துப் பெரிய திரையில் அந்த அம்மாள் கடந்து போனதும் பந்து மெதுவாக வலைக்குள் விழுந்தது.

கோல் வாங்கிய கோல்கீப்பர் ஒடூரோ அந்த அம்மாளின் மகன்.

(நம்பமாட்டீர்கள். மருமகனாக மாற்றியும் எழுதிப் பார்த்தேன், கதை நொண்டியது.)

3

இடைவேளையில் லீக் செயலாளர் அசாரே வந்து கத்தினார். "இன்னொரு தடவ அந்தப் படம் வந்துச்சு, சீசன் மொத்தமும் வேற ஆளுக்குக் குடுத்துருவேன்!"

போக்குவா ரீப்ளே பட்டனில் கொடிப் படத்தை ஏற்றிவிட்டு ஒடூரோவிடம் ஓடினாள்.

"மன்னிச்சிருடா தம்பி."

"அட, அழுவாதீங்கக்கா. எனக்கு அடிபட்டுரும்னு பயந்து எங்கம்மா ஒரு மேட்சுக்கும் வந்ததில்ல. இன்னிக்குத்தான் வந்துச்சு. வந்த நேரத்தப் பாத்தீங்களா? கரெக்டா நான் கோட்டை விடும்போது!" சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "நான் ஒன்னு புடிச்சா, ஒரே ஒரு தடவ, அம்மாவப் போடுங்கக்கா."

திரும்பி வந்தவள் பக்கத்துப் பட்டனில் அந்தப் படத்தையும் ஏற்றி வைத்தாள்.

4

இரண்டாம் பாதியில் பந்து அவன் பக்கமே வரவில்லை. (நானாக ஒரு ஷாட் எழுதியிருக்கலாம். அடக்கிக்கொண்டேன்.) கடைசி நிமிடத்தில் எதிரணிக்காரன் தனியே வந்து உதைத்தான். ஒடூரோ பாய்ந்து பிடித்தான். விசில். ஆட்டம் தோற்றதுதான், ஒன்றுக்கு பூஜ்யம்.

ரீப்ளே போட வேண்டும். ஒரு பட்டனில் கொடி, எங்கள் நாலு பேர் பிழைப்பு. இன்னொன்றில் அம்மா. என் கேமரா ஒடூரோ முகத்தில் இருந்தது. பெரிய திரை என் முதுகுக்குப் பின்னால்.

கொடி என்று ஒரு முடிவு எழுதினேன். அவன் முகத்தை நினைத்துக் கிழித்தேன். அம்மா என்று எழுதினேன். அசாரேயை நினைத்து அதையும் கிழித்தேன். போக்குவாவிடமே கேட்டேன்.

"நான் எத அமுக்குனேன்னு எனக்குத் தெரியும். நீ உன் கேமராவுல பாத்தத மட்டும் எழுது, போதும்."

சரி. திரையில் எது ஓடியது என்பதை உங்களிடம் விடுகிறேன். நான் பார்த்தது இதுதான்: தோற்றுப்போன அந்த கோல்கீப்பர் பந்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, திரையைப் பார்த்துக் காட்டிக்கொண்டே நின்றான்.