பாலத்துக்காரருக்கு ஒரு பாட்டு

வாருங்கள் கண்ணுகளா, தள்ளித் தள்ளி உட்காராமல் கிட்ட வாருங்கள். இன்றைக்கு ஒரு பெயரின் கதை சொல்கிறேன். எந்தப் பெயர் என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால், அந்தப் பெயர் கொண்ட உங்கள் சித்தப்பாவோ மாமாவோ எங்கேயாவது உட்கார்ந்து விக்கிக்கொண்டிருப்பார், பாவம்.

ஒரு நகரத்தில் ஒரே பெயரில் மூன்று பெரிய மனிதர்கள் இருந்தார்கள். ஒருவர் பாட்டுக்காரர். அவர் குரல் நுழையாத சமையலறை கிடையாது. இன்னொருவர் மல்யுத்தக்காரர். அவர் தும்மினால் முன்வரிசை எழுந்து பின்வரிசைக்குப் போய்விடும். மூன்றாமவர் ஆற்றின் மேல் பெரிய பாலத்தைக் கட்டியவர். அந்தப் பாலத்தில் போகாத ஆளும் இல்லை, கட்டியவர் முகம் தெரிந்த ஆளும் இல்லை.

அங்கே வானொலி நிலையத்தின் இசைத்தட்டு அறையைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் பாட்டக்கா என்பார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்ட பாட்டை எடுத்துக் கொடுப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த நிலையத்தில் ஒரு வழக்கம். பெரிய மனிதர் யாராவது மறைந்தால், எடுத்த எடுப்பில் செய்தியைச் சொல்லமாட்டார்கள். அவர் குரல் தட்டில் இருந்தால் அதைக் கொஞ்சம் ஒலிக்கவிட்டு, பிறகுதான் வாசிப்பார்கள். கேட்பவர் மனசு அதற்குள் தயாராகிவிடுமாம்.

ஒரு முற்பகலில் செய்தி வாசிப்பவன் துண்டுச் சீட்டோடு ஓடி வந்தான். அதில் பெயரும், வீடு இருக்கும் தெருவும், காலமானார் என்ற சொல்லும்தான் இருந்தன.

"அக்கா, இது எந்த ஆளு? ஒரு போன் போட்டு விசாரிச்சுக்கவா?"

"வேற யாரு? ஊருக்கே தெரிஞ்ச பேரு. நேரமாச்சு, நீ போய் உக்காரு."

வாய் சொல்லி முடிப்பதற்குள் அவள் கை அலமாரிக்குப் போய்விட்டது. பாட்டுக்காரரின் தாலாட்டு ஒன்று ஒலித்தது. பிறகு சீட்டில் இருந்தபடியே செய்தி.

நகரம் உடைந்து அழுதது. கடைக்காரர்கள் கதவை இறக்கிவிட்டு, பூவோடு அந்தத் தெருவுக்கு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் நிலையத்துக்கு ஒரு போன்.

"நான்தான் பேசுறேன். இன்னும் சாப்பிடக்கூட இல்லப்பா, அதுக்குள்ள அனுப்பி வச்சுட்டீங்களே!"

பாட்டுக்காரர்தான். உடனே திருத்தம் வாசித்தார்கள்: பாட்டுக்காரர் நலமாக இருக்கிறார், தவறுக்கு வருந்துகிறோம். அழுத நகரம் அப்படியே சிரித்தது. மல்யுத்தக்காரர் வீட்டுக்குக்கூட யாரோ போன் போட்டு, "அண்ணே, நீங்களாவது இருக்கீங்களா?" என்று கேட்டார்களாம். ஆனால் போனவர் யார் என்று சொல்ல, அந்த அவசரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மேலதிகாரி அவளைப் பாட்டுக்காரர் வீட்டுக்கு அனுப்பினார், மன்னிப்புக் கேட்க. அவரோ வாசலிலேயே சிரித்தார்.

"செத்தாத்தாம்மா தெரியுது, எனக்கு இத்தனை சொந்தக்காரங்கன்னு! வருஷத்துக்கு ஒரு தடவை இப்படிக் கொன்னுடுங்க."

"வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" என்று உள்ளேயிருந்து மனைவி அதட்டினாள்.

அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது. "ஆமா, நிஜமாப் போனது யாரு?"

"பாலம் கட்டினவருங்க."

"அங்க போனீங்களா?"

அவள் போகவில்லை. தினமும் அந்தப் பாலத்தின் மேல்தான் வேலைக்கு வருகிறாள். நெரிசலில் பேருந்து நிற்கும்போதெல்லாம், கைப்பிடிச் சுவரில் செதுக்கிய அந்தப் பெயரைப் படித்திருக்கிறாள். தெரியாமல் செய்திருந்தால் மனசுக்கு ஒரு சமாதானமாவது கிடைக்கும். இது தெரிந்த பெயர். கேட்டவன் வாயையும் அடைத்து அனுப்பினாளே! நேராக அந்த வீட்டுக்குப் போனாள்.

வாசலில் வாடகை நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன. பாலத்துக்காரரின் மனைவி கதவைத் திறந்தாள். வந்தவள் யார் என்று தெரிந்த பிறகும் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"உக்காரு. நேத்து அந்தக் கூட்டத்தைப் பாத்ததும் எனக்கு அவ்வளவு பெருமைம்மா. நம்ம மனுஷனை இத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கேன்னு நினைச்சேன். ஒவ்வொருத்தரா உள்ள வந்து முகத்தைப் பாத்தாங்க. பாத்துட்டு, 'அப்பாடா, நம்மாளு இல்ல'ன்னாங்க. கொண்டுவந்த பூவைக்கூடத் திருப்பி எடுத்துட்டுப் போனாங்க."

பாட்டக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மல்யுத்தக்காரர் மட்டும் நின்னார். 'என் பேரே உள்ளவரு, நான் தூக்காம யாரு தூக்குறது'ன்னு தோள் குடுத்தார்."

"அம்மா, நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க. பண்றேன்."

"என்ன பண்ணுவே? உன் அறையில அவருக்குப் பாட்டு இருக்கா?"

இல்லை. அவர் குரல் ஒரு தட்டிலும் இல்லை. பிறகு அந்த அம்மாள் தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள்: "வண்டி பாலத்துல ஏறினா ரேடியோவை அணைச்சிடுவார். பாலத்துத் துண்டுங்க சேர்ற இணைப்பு மேல சக்கரம் ஏறி இறங்குற சத்தத்தைக் காது குடுத்துக் கேப்பார். சீரா இருந்தா, 'சுகமா இருக்கா'ம்பார். கட்டிக் குடுத்த பொண்ணைப் பாத்துட்டு வர்ற மாதிரி."

அன்று மாலையே பாட்டக்கா ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்குப் போனாள். இரும்பு இணைப்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பேருந்து போனது, லாரி போனது, சைக்கிள்கூடப் போனது. தடக் தடக், தடக் தடக். இத்தனை வருஷம் இதன் மேலே தூங்கிக்கொண்டே போயிருக்கிறோமே என்று நினைத்தபோது கண் கலங்கியது.

"என்னக்கா இது? ஜனங்க ரிப்பேர்னு ரேடியோ மண்டையில தட்டுவாங்க," என்றான் நிலையத்தில் அந்தப் பதிவைக் கேட்ட செய்தி வாசிப்பவன்.

"தட்டட்டும். தட்டிட்டாவது கேக்கட்டும்."

மறுநாள் மதியம் அந்தச் சத்தம் ஒலித்தது. அது ஓய்ந்ததும், யார் போனார், என்ன கட்டினார், நாங்கள் செய்த தவறு என்ன என்று முழுசாக வாசித்தார்கள். ரேடியோ கெட்டுவிட்டதா என்று நிறையப் பேர் போன் செய்தார்கள். ஒரு பேருந்து ஓட்டுநர் மட்டும், "இது எங்க பாலம்ல?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் போன் செய்யவில்லை. பாட்டக்காவே மறுபடி போனபோது, "கேட்டேன். அவர்தான் பக்கத்துல இருந்த மாதிரி இருந்துச்சு. ஆனா அந்தப் பூவை எடுத்துட்டுப் போனாங்க பாரு, அது போனதுதாம்மா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

அதன் பிறகு பாட்டக்கா பாலத்தில் ஒருநாளும் தூங்கியதில்லை. பேருந்து ஏறியதும் காதைத் தீட்டிக்கொள்வாள். சத்தம் சீராக இருந்தால் நிம்மதி வரும், அதன் பின்னாலேயே உறுத்தலும் வரும். இரண்டும் சேர்ந்தே அவளோடு அக்கரைக்கு வந்து இறங்கும்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் ஒவ்வொருவர் பெயரும் முகம் தெரிந்தவர் வாயால் கூப்பிடப்படட்டும். உங்கள் வாசலுக்கு வரும் பூ ஒருநாளும் திரும்பிப் போகாமல் இருக்கட்டும்.