காலியாக விட்ட கோபுரம்

1.

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. சிரித்தவர் என் பெரிய நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா. ஒரு விருந்தில், கை கழுவும் இடத்தில், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"என்ன, உன் மருமக கோபுரத்தக் காலியா விட்டு வீட்டுக்காரனத் தோக்கடிச்சாளாமே? என் பேரன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். எதிராளிகிட்ட விலை போயிட்டாளோ?"

"அது எங்க வீட்டு விஷயம், அண்ணி. எங்க வீட்லயே இருக்கட்டும்" என்றேன்.

வீட்டில் இருக்க வேண்டியதை இப்போது நானே அச்சில் ஏற்றுகிறேன். எங்கள் குடும்பத்தின் பெயரைச் சுமக்கிறவளை வெளியார் பழித்தால் வாயை மூடிக்கொண்டு இருந்து எனக்குப் பழக்கமில்லை. மருமகளை எனக்கு முழுதாகப் பிடித்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அது வேறு கணக்கு.

2.

முதல் தொடக்கம்: "முன்னறை மேசையில் இரண்டு கணினிகள் முதுகோடு முதுகாக"

(நிறுத்திவிட்டேன். கணினி என்றதும் என் வயதுக்காரர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: "ஒரு வீரன் இருந்தான். அவன் புறமுதுகு காட்டியதே"

(இது என் மகனுக்கு மிகவும் பிடிக்கும். அதனாலேயே வேண்டாம்.)

மூன்றாம் தொடக்கம்: "கோபுரத்தில் யாரை நிறுத்துவது?"

இதை வைத்துக்கொள்கிறேன். என் மகனும் மருமகளும் கணினியில் ஆடும் போர் விளையாட்டின் பாதிக் கவலை இதுதான். ஆட்டக்காரர்கள் படை திரட்டுகிறார்கள், கோட்டை கட்டுகிறார்கள், எல்லையில் காவல் கோபுரம் எழுப்புகிறார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். கோபுரத்துக்குள் வில்லாளிகளை நிறுத்தினால் தூரத்திலிருந்தே எதிரியை வீழ்த்துவார்கள். ஈட்டிக்காரர்களை நிறுத்தினால் வாசலைக் காப்பார்கள். கொத்தர்களை நிறுத்தினால் இடியும் சுவரை உள்ளிருந்தே பூசிக்கொண்டிருப்பார்கள்.* நிரம்பிய கோபுரம் பிறகு யாருக்கும் திறக்காது. இடம் இருந்தால், கூட்டாளியின் காயம்பட்ட வீரர்களும் உள்ளே நுழைந்து குணமாகலாம்.

இந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள்.

* எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், காய்ந்த துணிகளை மடிப்பதற்கு முன்னறையை விட்டால் எங்கள் வீட்டில் வேறு இடம் கிடையாது.

3.

இனி இந்தக் கதையில் "நான்" வரக் கூடாது. துணி மடிப்பவளை மாமியார் என்று அழைப்போம். மகன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். மருமகள் பல் மருத்துவரின் முன்னறையில் நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைப்பவள். இருவரும் சேர்ந்து ஆடும் ஜோடி. அன்று இறுதிப் போட்டி. இணையத்தில் பெருங்கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. இருவரும் பேசுவது அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்.

"வடக்குக் கோபுரத்துல யாரப் போட்டிருக்க?" என்றான் மகன்.

"வில்லாளிங்க."

"சரி. நான் நேரா அவன் கோட்டைக்குப் போறேன்."

"வலது பக்கம் பாத்துக்கங்க."

"எல்லாம் பாத்தாச்சு. நீ உன் கோபுரத்தப் பாரு."

வலது பக்கத்திலிருந்து எதிரியின் குதிரைப்படை வந்தது. மகனின் படை சிதறி, அடிபட்டு, வடக்குக் கோபுரத்தை நோக்கித் தள்ளப்பட்டது. மருமகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்ற மாமியார் அப்போது ஒன்றைப் பார்த்தாள். மருமகள் வில்லாளிகளை ஒவ்வொருவராக வெளியே எடுத்துச் சுவரோரம் நிறுத்தினாள். கோபுரம் காலியானது. வாசல் திறந்திருந்தது.

மகனின் வீரர்கள் அந்த வாசல் வரை வந்தார்கள். நின்றார்கள். திரும்பி, எதிரியின் மேல் பாய்ந்தார்கள். ஒருவர் மிஞ்சவில்லை. அதன்பின் சுவரோரம் நின்ற வில்லாளிகள் விழுந்தார்கள். அதன்பின் கோபுரம்.

"கோபுரத்துல ஆளே இல்லையே! தூங்கிட்டாங்களா?" என்று ஆட்டத்தை வர்ணித்தவர் சிரித்தார்.

மகன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினான். மைக் இன்னும் அணையவில்லை.

"எனக்கு எதிரா ஆடுறதுன்னா என் பக்கம் ஏன் உக்காந்த?"

ஊர் முழுக்கக் கேட்டது. அவள் கை நீட்டி அவன் மைக்கை அணைத்தாள்.

4.

இங்கே என் பாத்திரத்தை நானே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. முதல் பிரதியில் அவளைக் கவனக்குறைவான பெண்ணாக எழுதியிருந்தேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போனில் பேசுகிறவள், ஆகவே கோபுரத்தையும் மறந்தாள் என்று. எழுத எளிதாக இருந்தது, குடும்பத்துக்கும் சேதமில்லை. மறதி என்பது துரோகம் ஆகாது. நாத்தனாரின் வாயும் அடைபட்டிருக்கும்.

ஆனால் மறந்தவள் வில்லாளிகளை ஒவ்வொருவராக வெளியே எடுக்க மாட்டாள். அதை என் கண்ணால்

(மாமியார் தன் கண்ணால்)

பார்த்தாயிற்று.

5.

சில நாட்கள் கழித்து மருமகள் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். துணிமணிகள் அலமாரியிலேயே இருந்தன. கீபோர்டை மட்டும் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். திரும்பி வருகிறவள் கீபோர்டை விட்டுவிட்டுத் துணியை எடுத்துப் போவாள் என்று மாமியாருக்குத் தெரியும்.

"கோபுரத்த ஏன் காலி பண்ண? எனக்கு மட்டும் சொல்லிட்டுப் போ."

"காலி பண்ணல அத்தை. இடம் வெச்சேன்."

"யாருக்கு?"

"அவர் ஆளுங்களுக்குத்தான். உள்ள வந்திருந்தா பொழச்சிருப்பாங்க. வில்லாளிங்க இருந்தா எடம் பத்தாது."

"வாயத் தொறந்து உள்ள வாங்கன்னு சொல்ல வேண்டியதுதானே? வாய் இல்லாத பொண்ணா நீ?"

அவள் செருப்பின் வாரை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அத்தனை பேர் கேட்டுட்டிருக்காங்க. அவரப் பாத்து ஓடி வாங்கன்னு நான் எப்படிச் சொல்றது? தலைகுனிவா நெனப்பார். உங்க வீட்ல யாரு யாருகிட்ட அப்படிச் சொல்லியிருக்காங்க?"

இதற்கு மாமியார் சொன்ன பதில்: [                    ]

"இப்பவாவது அவன்கிட்ட சொல்லேன்."

"அவருக்குத் தெரியும் அத்தை. வாசல் வரைக்கும் வந்துட்டுத்தானே திரும்பினார்."

6.

ஆக, மருமகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மகனைக் காட்டிக்கொடுத்தாக வேண்டும். அவள் எதை மறைக்கப் பழியைச் சுமந்துகொண்டு போனாளோ, அதையே நான் ஊருக்குச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நாள் திறக்கவில்லை.

இடையில், மகனிடம் சாப்பாட்டு மேசையில் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். கடையில் வாடிக்கையாளர் யாராவது அப்படித் துடைத்தால் திட்டுவான்.

"வாசல் வரைக்கும் வந்தியாமே?"

"யார் சொன்னா?"

இல்லை என்று சொல்லவில்லை. யார் சொன்னா என்று கேட்டான்.

"பொண்டாட்டிய ஊரே பேசுது. கேட்டுட்டு எப்படிடா உக்காந்திருக்க?"

"அம்மா, சாப்பாடு ஆறுது."

எங்கள் குடும்பத்தில் யாரும் பின்வாங்கியதில்லை என்று சொல்லிச் சொல்லியே இவனை வளர்த்தார்கள். யார் வளர்த்தார்கள் என்று கேட்காதீர்கள். முடிவுகளுக்குப் போவோம்.

முதல் முடிவில் மகனை மருமகளின் அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். மாடிப்படி வரை போனான். நின்றான். திரும்பி நடந்தான். எத்தனை முறை எழுதினாலும் அங்கேயே திரும்புகிறான். அடித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவில் மருமகள் வேறொரு கூட்டாளியோடு ஆடி இவனையே தோற்கடிக்கிறாள். நாத்தனார் போன் செய்து வாழ்த்துகிறார். அந்த மகிழ்ச்சியை அவருக்குத் தருவதாக இல்லை.

மூன்றாவதில் மகன் அதே கூட்டத்தின் முன் மைக்கைத் திறந்து, "அவ எனக்கு எடம் வெச்சா. நான்தான் போகல" என்கிறான். நன்றாகவே வந்திருந்தது. வாசித்துப் பார்த்தேன். வார்த்தைகள் எல்லாம் என்னுடையவை. அவன் குரல் ஒன்றில்கூட இல்லை.

7.

இந்த இடத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். நாத்தனாருக்கு ஒரு பதில், ஆட்டத்தை வர்ணித்தவருக்கு ஒரு பதில், ஊருக்கு ஒரு பதில். எல்லாம் குறி தப்பாதவை. ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டேன்.

நான் எழுதுவதை என் மகன் எப்போதும் அச்சில் வந்த பிறகு, கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், யாருக்கும் தெரியாமல் வாசிப்பான். எனக்குத் தெரியும். தெரியும் என்று இதுவரை அவனிடம் காட்டிக்கொண்டதில்லை.

அவள் உன் மானத்துக்காகச் சொல்லாமல் விட்டதை, இத்தனை பேர் கேட்க, நான் சொல்கிறேன்.

உள்ள வாடா.

வாசகரே, அடுத்த பகுதியில் நான் யாரையும் நிறுத்தவில்லை. அவன் வந்தால் அவன் எழுதட்டும். வரும்வரை நீங்களும் அங்கே எதையும் வைத்து நிரப்பாதீர்கள்.

8.