இடிக்கிறவர்களை அனுப்பியது யார்

அட்டகோராவின் கால் எலும்பிலிருந்து எடுத்த துணுக்கு நோயியல் மருத்துவர் டுஃபியின் நுண்ணோக்கிக்குக் கீழே இருந்தது. எங்கு பார்த்தாலும் ராட்சத செல்கள். கட்டி என்று அவள் கையெழுத்துப் போட்டால் நாளைக் காலை தொடையோடு காலை எடுத்துவிடுவார்கள்.

முப்பது வருடத்துக்கு முன் கானாவின் குமாசி மருத்துவக் கல்லூரியில் இருவரும் ஒரே வகுப்பு. விடுதி வராந்தாவில் கென்கே என்னும் மக்காச்சோள உருண்டையும் பொரித்த மீனும் தின்றுகொண்டே படிப்பார்கள். அட்டகோரா எல்லா செல்லுக்கும் ஒரு உத்தியோகம் கொடுத்துவிடுவான். எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் கொத்தனார். தான் பூசிய காரைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, மேலே விழும் பாரத்தை உணர்ந்து சேதி அனுப்பும் ஆஸ்டியோசைட் காவல்காரர். ராட்சத உருவத்தோடு பழைய எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் இடிக்கிற ஆள். என்ன சிரிப்பு, என்ன கூத்து!

அந்த மகானுபாவன் தேர்வில் மணியடிக்கிற அவசரத்தில், மஜ்ஜையில் கிடந்த வேறொரு பெரிய செல்லைப் பார்த்து, விடைத்தாளில் 'இடிக்கிற ஆள்' என்றே எழுதித் தொலைத்தான். தப்பான செல், அதிலும் செல்லப் பெயர்! தோற்றான். சுன்யானி என்ற ஊருக்கு வாத்தியாராகப் போய்விட்டான். வழியனுப்பக்கூட அவள் போகவில்லை.

பேனாவை எடுத்தவள் நிறுத்தினாள். பெரிதாக ஒன்றைக் கண்டதும் பெயர் வைத்துவிடும் அவசரம் தன்னையும் பிடித்துக்கொண்டதோ? மறுபடி பார்த்தாள். ராட்சதர்களுக்குப் பக்கத்திலேயே கொத்தனார்கள் வரிசையாக நின்று மாய்ந்து மாய்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டிக்குள் இப்படி ஒழுங்காக வேலை நடப்பது அபூர்வம். இடிப்பவர்கள் தாமாக வரவில்லை, யாரோ ஏவியிருக்கிறார்கள்.

வார்டில் படுத்திருந்தவனுக்குப் போன் போட்டாள்.

"அட்டகோரா, உனக்குச் சிறுநீர்ல கல்லு வந்திருக்கா?"

"ரெண்டு தடவை. முப்பது வருஷம் கழிச்சுக் கூப்பிட்டுக் கேக்குற கேள்வியாடி இது?"

"வாய மூடு. ரத்தம் எடுக்கச் சொல்றேன், குடு."

மாலைக்குள் முடிவு வந்தது. எலும்பு கரைந்து ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து எக்கச்சக்கம், பாராதைராய்டு ஹார்மோனும் அப்படியே. அதைச் சுரக்கும் கழுத்துச் சுரப்பி ஒன்று வீங்கி, இடிக்கச் சொல்லி ஓயாமல் விரட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் போதும், எலும்பு தானே தேறிவிடும்.

"காலை எடுக்க வேண்டாம்," என்றாள் அவனிடம். "கழுத்துலதான் கோளாறு."

மறுமுனையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"அட்டகோரா, இருக்கியா?"

"இருக்கேன். வெட்டுறதுக்காகத் தொடையில மையால கோடு போட்டுட்டுப் போனாங்க. சோப்புப் போட்டுத் தேய்ச்சுக்கிட்டிருக்கேன்."